மணி 8:45 ஆன பிறகு: சியாட்டிலின் இரண்டு பள்ளிகள், பிள்ளைகளின் தூக்கம், எடை

"தூங்கித் தூங்கியே உடம்பு போட்டுட்டான்" என்று நம் ஊரில் ரொம்பச் சாதாரணமாகச் சொல்வோம். போன வாரம் அம்மா போனில் என் மகளைப் பற்றிச் சொன்னதும் அதுதான்: "சனிக்கிழமைன்னா பதினோரு மணி வரைக்கும் படுத்துக் கெடக்காளாமே, எழுப்பி விடுடி, உடம்பு வச்சிரும்." மகளுக்கு வயது 15. திங்கள் முதல் வெள்ளி வரை அவள் ஆறரை மணி நேரம் தூங்கினாலே பெரிது, அந்தக் கடனைத்தான் சனிக்கிழமை அடைக்கிறாள். இதை அம்மாவுக்கு விளக்கப் போனால் "நாங்கல்லாம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் படிக்கலையா" என்று ஆரம்பிப்பார், அதனால் சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், வளரிளம் பருவத்துப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அம்மா சொல்வதற்கு நேர் எதிர்ப் பக்கம் நிற்கின்றன. குறைவாகத் தூங்கும் பிள்ளைகளிடம்தான் அதிக எடை கூடுதலாகத் தென்படுகிறது. சரி, அப்படியென்றால் தூங்க வைத்தால் இளைத்துவிடுவார்களா? இங்கேதான் எனக்குச் சந்தேகம். நான் டாக்டர் இல்லை, மருத்துவத் தரவுகளைப் புரட்டிப் பார்ப்பது என் பிழைப்பு, அவ்வளவுதான். அதனால் பொதுவாகப் பேசாமல், நான் வசிக்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு நிகழ்வை எடுத்துப் பிரித்துப் பார்க்கிறேன்.

நடந்தது என்ன

அமெரிக்காவின் சியாட்டில் நகர அரசுப் பள்ளிகளின் நிர்வாகக் குழு 2015 நவம்பரில் ஒரு முடிவெடுத்தது. காலை 7:50க்குத் தொடங்கிக்கொண்டிருந்த உயர்நிலைப் பள்ளிகளை 8:45க்குத் தள்ளுவது. 2016 செப்டம்பரில் நடைமுறைக்கும் வந்தது. ஐம்பத்தைந்து நிமிடம்.

7:50 என்றால் நம் ஊர் ஆட்களுக்கு அப்படி ஒன்றும் அநியாயமாகத் தோன்றாது. ஆனால் சியாட்டிலில் டிசம்பர் கடைசியில் சூரியன் உதிப்பதே எட்டு மணிக்குச் சற்று முன்புதான். அதாவது முதல் பீரியட் மணி அடிக்கும்போது வெளியே இன்னும் சூரியன் வந்திருக்காது, பஸ் பிடிக்கிற பிள்ளை அதற்கு ஒரு மணி நேரம் முன்பே தெருமுனையில் தூறலில் நின்றிருக்கும், எழுந்தது ஆறு மணியோ அதற்கும் முன்போ.

சீக்கிரம் படுக்க வேண்டியதுதானே என்பது அடுத்த கேள்வி, எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. முடியாது என்பதுதான் விஷயம். பூப்படையும் பருவத்தில் உடம்பின் உள்கடிகாரமே பின்னால் நகர்கிறது, தூக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலடோனின் ஹார்மோன் இரவில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. அமெரிக்காவில் மேரி கார்ஸ்கேடன் என்ற ஆய்வாளர் எழுபதுகளின் நடுவில் தொடங்கி, கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஸ்டான்போர்டில் தங்கவைத்துத் தூங்கவைத்துப் பார்த்தார். பெரியவர்களாக ஆக ஆகத் தூக்கத் தேவை குறையும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். விட்டால் அந்தப் பிள்ளைகள், வயது கூடியவர்களும்கூட, ஒன்பது மணி நேரத்தை ஒட்டித் தூங்கினார்கள். இன்றைக்கு 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் அமைப்பு சொல்கிறது. பள்ளிகள் 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2014இலேயே சொல்லிவிட்டது. அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குப் பள்ளி நாட்களில் எட்டு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை.

ஆக, படுப்பதை இழுக்க முடியாது, எழுவதைத்தான் தள்ள முடியும். சியாட்டில் தள்ளியது.

கையில் கட்டிய கடிகாரம்

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் ஒராசியோ டி லா இக்லேசியா, அவருடைய மாணவர் கிடியன் டன்ஸ்டர், இன்னும் சிலர் சேர்ந்து இந்த மாற்றத்தை அளக்கக் கிளம்பினார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம், எவ்வளவு தூங்கினாய் என்று பிள்ளைகளிடம் கேட்டு அதை அப்படியே நம்பாமல் விட்டது. கேட்டால் யாரும் கூட்டித்தான் சொல்வார்கள், நானும் அப்படித்தான். கையில் கடிகாரம் மாதிரி ஒரு கருவியை இரண்டு வாரம் கட்டிவிட்டார்கள், அசைவையும் வெளிச்சத்தையும் அதுவே பதிந்துகொள்ளும். 2016 வசந்த காலத்தில், மாற்றத்துக்கு முன், ஒரு வகுப்பு, 2017 வசந்தத்தில், மாற்றத்துக்குப் பின், அடுத்த வகுப்பு. ஒரே பிள்ளைகள் அல்ல, ஒரே வயதுப் பிள்ளைகள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த ஆய்வின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

பள்ளிகள் இரண்டு. ஒன்று ரூஸ்வெல்ட், நகரத்தின் வடக்கில், வசதியான வீடுகளுக்கு நடுவில். இன்னொன்று பிராங்கிளின், தென்கிழக்கில் மவுண்ட் பேக்கர் பகுதியில், ரெயினியர் பள்ளத்தாக்கை ஒட்டி. ரயிலில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஒரே தெருவில் வியட்நாம் பலகாரக் கடை, எத்தியோப்பியா உணவகம், சோமாலியர் கடை என்று வரிசையாக இருக்கும். பிராங்கிளின் பிள்ளைகளில் பெரும்பான்மை வசதி குறைந்த குடும்பங்கள், வெள்ளையர் அல்லாத குடும்பங்கள். இரண்டு பள்ளிக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

2018 டிசம்பரில் முடிவு வெளியானது. பள்ளி நாட்களில் நடுத்தரத் தூக்கம் (தூங்கிய நேரப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பிள்ளையின் தூக்கம்) 6 மணி 50 நிமிடத்திலிருந்து 7 மணி 24 நிமிடமானது. 34 நிமிடம் கூடுதல். "மணியைத் தள்ளினால் இன்னும் லேட்டாகப் படுப்பார்கள், ஒரு பிரயோஜனமும் இருக்காது" என்று எதிர்த்தவர்கள் சொன்னது நடக்கவில்லை. படுக்கும் நேரம் பெரிதாக மாறவில்லை, எழும் நேரம்தான் பின்னால் போனது. உயிரியல் வகுப்பில் மதிப்பெண்ணும் 4.5 சதவீதம் உயர்ந்தது, ஆனால் வேறு வேறு வருடத்துப் பிள்ளைகள் என்பதால் அதை நான் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது செய்தித்தாள்கள் ஓரமாகப் போட்ட இன்னொரு முடிவு. மணி மாறிய பிறகு பிராங்கிளினில் முதல் பீரியடுக்கு வராமல் போவதும் தாமதமாக வருவதும் குறைந்து ரூஸ்வெல்ட்டின் அளவுக்கு வந்துவிட்டது. ரூஸ்வெல்ட்டில் அப்படி ஒரு மாற்றமே இல்லை.

யோசித்துப் பாருங்கள், ஒரே மாற்றம், ஒரே ஐம்பத்தைந்து நிமிடம், பலன் மட்டும் ஒரு பள்ளியில் ஒரு விதம், இன்னொன்றில் வேறு விதம். காரணத்தை அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஆனால் என் ஊகத்தைச் சொல்கிறேன். வசதியான வீட்டில் பிள்ளை அயர்ந்து தூங்கிவிட்டால் அம்மாவோ அப்பாவோ எழுப்பி, காரில் ஏற்றிக் கொண்டுபோய் 7:49க்கு இறக்கிவிடுவார்கள் (நானே இதை எத்தனை தடவை, நைட்டியோடு). அம்மா இரவு ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை, அப்பா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார் என்கிற வீட்டில் பஸ் தவறினால் தவறியதுதான். அங்கே தூக்கமின்மை நேராக வருகைப் பதிவேட்டுக்குப் போய் விழுகிறது.

எடை எங்கே வருகிறது

சியாட்டில் ஆய்வில் யாரையும் எடை பார்க்கவில்லை. தூக்கம், மனநிலை, பகல் தூக்கக் கலக்கம், மதிப்பெண், வருகை, அவ்வளவுதான். அதனால் "சியாட்டிலில் மணியை மாற்றினார்கள், பிள்ளைகள் இளைத்தார்கள்" என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

எடைக்கு வேறு ஊர்களுக்குப் போக வேண்டும். சிகாகோவில் 2004இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசிக்கிறது என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் கூடியது, பசி 24 சதவீதம் கூடியது. தூக்கம் பற்றிய கட்டுரை எதிலும் தவறாமல் தலைகாட்டும் கணக்கு இது. ஆனால் 12 பேர், அதுவும் பள்ளிப் பிள்ளைகள் இல்லை, பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இந்த அளவுக்கு ஹார்மோன் மாற்றத்தைக் காட்டவும் இல்லை.

எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 14 முதல் 17 வயதுள்ள 93 பேரை வைத்து நடந்த சோதனை, 2021இல் வெளிவந்தது. ஒரு வாரம் இரவுக்கு ஆறரை மணி நேரம் படுக்கை, இன்னொரு வாரம் ஒன்பதரை மணி நேரம். அதே பிள்ளைதான் இரண்டு வாரமும், ஆகவே வீடு, குடும்பம், வருமானம் எல்லாம் மாறாமல் இருந்தது. சாப்பிட்ட மொத்த கலோரி இரண்டு வாரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்! ஆனால் என்ன சாப்பிட்டார்கள் என்பது மாறியது. தூக்கம் குறைந்த வாரத்தில் நாளைக்கு 12 கிராம் சர்க்கரை கூடுதல், ஏறக்குறைய மூன்று டீஸ்பூன். இனிப்புப் பானம் கூடியது, காயும் பழமும் குறைந்தன. அந்த மாற்றம் பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் நடந்தது.

ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வீட்டு அடுக்களையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். சாதம், குழம்பு இருக்கும், ஆனால் அதைச் சூடு பண்ணி யார் சாப்பிடுவது? சிப்ஸ் பாக்கெட் பிரியும் சத்தம்தான் மாடி வரைக்கும் கேட்கும். முழித்திருக்கிற நேரம் கூடக்கூடக் கை எதை நோக்கிப் போகும் என்பது வீட்டில் என்ன இருக்கிறது, தெருமுனையில் என்ன விற்கிறது என்பதைப் பொறுத்தது. இதுவே தனி விஷயம், கீழே வருகிறேன்.

ஸ்பெயினில் இன்னொரு பெரிய ஆய்வு, 1,229 பிள்ளைகள், 12, 14, 16 வயதுகளில் கருவி கட்டித் தூக்கம் அளந்தார்கள், எடையும் பார்த்தார்கள். எட்டு மணி நேரமாவது தூங்கியவர்கள் 12 வயதில் 34 சதவீதம், 14இல் 23, 16இல் 19. ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய பிள்ளைகளுக்கு, எட்டு மணி நேரம் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், அதிக எடைக்கோ பருமனுக்கோ உள்ள வாய்ப்பு 12 வயதில் 21 சதவீதமும் 14 வயதில் 72 சதவீதமும் கூடுதல். பெற்றோர் படிப்பு, வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பமா, உடற்பயிற்சி, சாப்பாட்டு அளவு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இது நின்றது.

பாஸ்டன் பக்கம் பிறப்பிலிருந்தே பிள்ளைகளைத் தொடர்ந்து வரும் ஆய்வு ஒன்று உண்டு, அதில் 12 முதல் 17 வயதுள்ள 804 பேரைப் பார்த்தபோது வேறொரு விஷயம் தெரிந்தது: பள்ளி நாளில் ஒரு நேரம், லீவு நாளில் ஒரு நேரம் என்று தூக்கம் ஊசலாடுவதற்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் பெண் பிள்ளைகளிடம் தொடர்பு இருந்தது, ஆண் பிள்ளைகளிடம் இல்லை. என் மகளின் சனிக்கிழமைத் தூக்கம் விஷயத்தில் அம்மா சொல்வது முழுக்கப் புறந்தள்ளக் கூடியது இல்லை போலிருக்கிறது. குற்றம் என்னவோ சனிக்கிழமையின் மீது இல்லை, மீதி ஐந்து நாள் மீதுதான்.

ஒரே வீடு, இரண்டு திருட்டு

இனி, எனக்குச் சந்தேகம் வந்த இடம். அமெரிக்க அரசின் 2017–2020 கணக்கில் 12 முதல் 19 வயதுக்குள் 22.2 சதவீதம் பேருக்குப் பருமன். 2 முதல் 19 வரை எல்லோரையும் சேர்த்து இனவாரியாகப் பிரித்தால் லத்தீன் குடும்பங்களில் 26.2, கறுப்பினத்தவரில் 24.8, வெள்ளையரில் 16.6, ஆசியரில் 9 சதவீதம். தூக்கத்தைப் பிரித்துப் பார்த்தாலும் கறுப்பினப் பிள்ளைகள் குறைவாகத் தூங்குவதாகவே பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தவுடன், தூக்கம்தான் காரணம் என்று கோடு போடத் தோன்றும்.

போடலாமா? நெரிசலான வீட்டில் ஒரே அறையில் மூன்று பேர், மெயின் ரோட்டுச் சத்தம், ஏ.சி. இல்லாத வெக்கை, இரவு ஷிப்ட் முடிந்து ஒரு மணிக்குக் கதவு திறக்கும் சத்தம், தம்பியைத் தூங்க வைத்துவிட்டுத்தான் வீட்டுப்பாடம், சாயந்திரம் கடையில் வேலை: இவை தூக்கத்தைத் திருடும். அதே வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல காய்கறிக் கடை இருக்காது, விளையாடப் பாதுகாப்பான இடம் இருக்காது, மலிவான சாப்பாடு என்றால் சோடாவும் பொரித்ததும்தான்: இவை எடையைக் கூட்டும். ஒரே வீட்டில் நடக்கிற இரண்டு திருட்டை, ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கொஞ்சம் காரணம்தான், சின்சினாட்டி அதைக் காட்டுகிறது, ஆனால் முழுக்க இல்லை.

திசையும் திரும்பலாம். எடை கூடிய பிள்ளைக்குக் குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது வரும், அதனால் எட்டு மணி நேரம் படுத்தும் தூக்கம் தூக்கமாக இருக்காது. குறட்டை விடுகிற பிள்ளையை "என்ன அசதியோ, நல்லா தூங்குது" என்று பார்த்து ரசிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. பகலில் அந்தப் பிள்ளை தூங்கி வழிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், ப்ளீஸ்.

இன்னொன்று, வேற்றுமை வளரிளம் பருவத்தில் பிறப்பதே இல்லை. மேலே சொன்ன அதே பாஸ்டன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதில் கறுப்பின, லத்தீன் பிள்ளைகளிடம் கூடுதலாகத் தெரிந்த பருமனில் பெரும்பகுதி, கைக்குழந்தைப் பருவத்து விஷயங்களைக் கணக்கில் எடுத்ததும் கரைந்துபோனது: குழந்தை வேகமாக எடை ஏறியதா, தாய்ப்பால் மட்டும் குடித்ததா, எப்போது திட உணவு கொடுத்தார்கள், சின்ன வயதில் நாளைக்கு 12 மணி நேரம் தூங்கியதா, அறையில் டிவி இருந்ததா, சர்க்கரைப் பானம் குடித்ததா. பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்த்து போனை வைத்துவிட்டுத் தூங்கு என்று சொல்லும்போது நாம் கதையின் பத்தாவது அத்தியாயத்தில் நுழைகிறோம்.

அப்புறம் அந்த 9 சதவீதம். ஆசியப் பிள்ளைகளுக்குப் பிரச்சினையே இல்லை போல என்று இங்குள்ள நம்மவர்கள் நிம்மதியடைய வேண்டாம். பிள்ளைகளின் எடையைப் பார்க்கும்போது பிஎம்ஐயை (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) அதே வயது, அதே பாலினத்துப் பிள்ளைகள் நூறு பேரின் வரிசையில் வைத்து, 95வது இடத்தைத் தொட்டால் பருமன் என்கிறார்கள். தெற்காசிய உடம்பில் அதே பிஎம்ஐக்குக் கொழுப்பு கூடுதலாக இருக்கும், வயிற்றைச் சுற்றி இருக்கும். பெரியவர்கள் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே ஆசியர்களுக்கு பிஎம்ஐ 25க்குப் பதில் 23இலேயே விழித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது அதனால்தான். ஒல்லியாகத் தெரிகிற நம் வீட்டுப் பையன், இரவு ஒரு மணி வரை படித்து, ஆறு மணிக்கு எழுந்து, எடைமெஷினில் சரியாகவே இருந்து, முப்பது வயதில் சர்க்கரை நோயோடு வந்து நிற்பதை எத்தனை குடும்பத்தில் பார்த்துவிட்டோம்.

என் கணக்கு

மணியைத் தள்ளியது சரி. 34 நிமிடம் நிஜம். மினியாபோலிஸ் பகுதியில் ஐந்து பள்ளிகளை இரண்டு வருடம் தொடர்ந்த இன்னொரு ஆய்வில், மணியைத் தள்ளிய பள்ளிகளில் 43 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள், அந்தப் பலன் இரண்டாம் வருடமும் நின்றது. கலிபோர்னியா இதைச் சட்டமாகவே ஆக்கி 2022 ஜூலையிலிருந்து உயர்நிலைப் பள்ளிகள் 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்றுவிட்டது. ஆனால் இதை எடை குறைக்கும் திட்டம் என்று விற்றால் இரண்டு ஆபத்து. ஒன்று, எடை குறையாமல் போனால் "பிரயோஜனமில்லை" என்று மணியைத் திரும்ப 7:50க்கு இழுத்துவிடுவார்கள், பிராங்கிளின் பிள்ளைகள் பழையபடி வருகைப் பதிவேட்டில் விழுவார்கள். இரண்டு, பருமனான பிள்ளையிடம் இப்போதே "கம்மியாச் சாப்பிடு, ஓடு" என்கிறோம், அதோடு "ஒழுங்காத் தூங்கு" என்பதும் சேர்ந்துகொள்ளும், தூங்க முடியாத வீட்டில் இருக்கிறவனிடம்.

மணியைத் தள்ளியதிலும் விலை கொடுத்தவர்கள் உண்டு. உயர்நிலைப் பள்ளி பின்னால் போனதால் தொடக்கப் பள்ளிகள் சில முன்னால் வந்தன, சின்னப் பிள்ளை மதியமே வீட்டுக்கு வந்துவிடும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அக்காவோ அண்ணனோ வந்து பார்த்துக்கொள்வார்கள் என்றிருந்த குடும்பங்களில் அக்கா இப்போது பிற்பகல் மூன்றரைக்கு மேல்தான் வருகிறாள். வேலைக்குப் போகிற பிள்ளைக்குச் சாயந்திர ஷிப்ட் ஒரு மணி நேரம் பின்னால் போனால் படுப்பதும் பின்னால் போகும். பிராங்கிளின் பக்கம் இந்தக் கணக்கு ரூஸ்வெல்ட் பக்கத்தைவிட அதிகமாக உறைக்கும் என்று நினைக்கிறேன்.

இதே ஆய்வை மறுபடி யாராவது செய்தால் நான் கேட்பது பெரிய சாமான் எதுவும் இல்லை. கடிகாரத்தோடு ஒரு இடுப்பளவு நாடா. அதே பிள்ளைகளை மூன்று வருடம், வேறு வகுப்பு வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு கேள்வி, அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள், காலையில் உன்னை யார் எழுப்புகிறார்கள் என்று இன்னும் இரண்டு. கடைசிக் கேள்விக்கு "யாரும் இல்லை" என்று எழுதுகிற பிள்ளைகளின் தாளைத்தான் நான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.